இரவில் ஊறவைத்து, காலையில் ஓவனில் சுடும் பிரெஞ்ச் டோஸ்ட்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் பத்துப் பேர் வந்து தங்கியிருக்கும் விடுமுறைக் காலையில், தவா முன்னால் நின்று பிரெஞ்ச் டோஸ்ட் சுடுவது பெரிய வேலை. ஒரு ஈட்டுக்கு மூன்று நான்கு துண்டுதான் போட முடியும். கடைசி ஆளுக்குத் தட்டு போவதற்குள் முதல் ஆள் சாப்பிட்டுக் கைகழுவியிருப்பார். சுடுகிறவர் உட்காரவே மாட்டார்.

அதனால் அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் காலைக்கும், தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள் காலைக்கும் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். பிரெட்டைத் துண்டு போட்டு ஒரே தட்டில் நிரப்பி, முட்டையும் பாலும் கலந்து ஊற்றி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் மொத்தமாக ஓவனில் சுட்டு எடுத்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சூடாகக் கிடைக்கும்.

நியூஜெர்சியில் எங்கள் வீட்டில் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன். தங்கைக்கும், நாத்தனார் மகளுக்கும், பக்கத்து வீட்டுத் தோழிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பேரும் தடுமாறியது ஒரே விஷயத்தில்: ஈரம். பிரெட்டில் ஏற்கெனவே இருக்கும் ஈரம், நாம் ஊற்றும் ஈரம், மேலே தூவும் மாவு இழுத்துக்கொள்ளும் ஈரம், நடுவில் வேகாமல் தங்கிவிடும் ஈரம். கீழே சொல்லும் வரிசை முழுக்க அதைக் கட்டுக்குள் வைப்பதற்குத்தான். வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இந்த அளவு எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும்.

தட்டு: 9 அங்குலத்துக்கு 13 அங்குலம் (சுமார் 23க்கு 33 செ.மீ.), இரண்டு அங்குல ஆழம். கண்ணாடி, பீங்கான், உலோகம் எதுவானாலும் சரி. இதைவிடச் சின்னதாக, ஆழமாக இருக்கும் தட்டு வேண்டாம். காரணத்தை எட்டாம் படியில் சொல்கிறேன்.

ஊறவைக்க: பிரெட் 450 கிராம், பெரிய முட்டை 8, கொழுப்பு எடுக்காத பால் 2 கப் (480 மி.லி.), ஹெவி கிரீம் அரை கப் (120 மி.லி.), சர்க்கரை அரை கப் (100 கிராம்), பட்டைத்தூள் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெனிலா எக்ஸ்ட்ராக்ட் 1 டேபிள்ஸ்பூன்.

மேலே தூவ: மைதா அரை கப் (65 கிராம்), பிரவுன் சுகர் அழுத்தி அளந்து அரை கப், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த வெண்ணெய் 113 கிராம். இங்கே கடையில் கிடைக்கும் ஒரு குச்சி வெண்ணெய் இதே எடைதான்.

தட்டில் தடவக் கொஞ்சம் வெண்ணெய், மூட அலுமினியம் ஃபாயில், கலவையை வடிகட்ட ஒரு ஜூஸ் வடிகட்டி. முடிந்தால் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தப் பதார்த்தத்தில் வெளியே பார்த்து உள்ளே வெந்ததா என்று சொல்வது கஷ்டம்.

ஃப்ரிட்ஜில் இந்தத் தட்டு சமமாக உட்கார இடம் இருக்கிறதா என்று சாயங்காலமே பாருங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு கையில் முட்டைக்கலவை தளும்பும் தட்டும் மறு கையில் சாம்பார் பாத்திரமுமாக நிற்பது பெரிய தொல்லை.

2. எந்த பிரெட்

சாண்ட்விச்சுக்கு வாங்கும், முன்பே துண்டு போட்ட மெல்லிய பிரெட்தான் புதிதாகச் செய்பவர்களின் முதல் தவறு. அது பஞ்சு மாதிரி. பாலை வேகமாக உறிஞ்சும், ஆனால் எட்டு மணி நேரம் தாங்காது. காலையில் துண்டு துண்டாக இருக்காது, கூழாகிப் போயிருக்கும்.

என் முதல் தேர்வு ஹாலா. யூதர்கள் சப்பாத் என்ற வாராந்திர ஓய்வு நாளுக்காகச் செய்யும் பின்னல் பிரெட். இங்கே பல கடைகளில் வியாழன், வெள்ளிக்கிழமைகளில் புதிதாக வரும். முட்டை சேர்த்த மாவு என்பதால் நெருக்கமாக, இழுவையாக இருக்கும். ஊறினாலும் வடிவம் கலையாது. பிரியோஷும் நன்றாக வரும், ஆனால் அதில் வெண்ணெய் அதிகம், மேலே தூவும் வெண்ணெய் மாவும் சேர்ந்தால் சிலருக்குத் திகட்டும். பிரியோஷ் போட்டால் கிரீமை விட்டுவிட்டு அந்த அளவுக்கும் பாலே ஊற்றுங்கள்.

இரண்டும் கிடைக்காவிட்டால் கடையில் துண்டு போடாமல் விற்கும் இத்தாலியன் பிரெட் முழுசாக வாங்குங்கள். சவர்டோ என்ற புளித்த மாவு பிரெட்டின் புளிப்பு எனக்கு இதில் பிடிப்பதில்லை. பாகெட் என்ற நீளமான பிரெஞ்சு பிரெட் வாங்கினால் மேல் தோல் காலைவரைக்கும் ஊறாமல் சவ்வு மாதிரி நிற்கும்.

3. பிரெட்டைக் காயவைப்பது

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதையே செய்யுங்கள்.

பழைய பிரெட் போதும் என்று பலரும் சொல்வார்கள். கவரில் இரண்டு நாள் கிடந்த பிரெட் கெட்டியாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கெட்டித்தன்மை பெரும்பாலும் மாவுச்சத்து இறுகுவதால் வருவது. ஈரம் உள்ளேயே இருக்கும். அந்த ஈரம் வெளியே போகாமல் முட்டைப் பாலுக்கு உள்ளே இடம் கிடைக்காது. ஓவனில் காயவைத்தால் ஈரமே வெளியேறுகிறது. அப்போது துண்டுக்குள் போவது தண்ணீர் கலக்காத முட்டைப் பால். காலையில் கிடைப்பது கூழா, துண்டு துண்டாக நிற்கும் டோஸ்டா என்பது இங்கேதான் முடிவாகிறது.

பிரெட்டை ஓர் அங்குலக் கட்டிகளாக நறுக்குங்கள். ரம்பப் பல் கத்தி இருந்தால் நசுங்காமல் வரும். தோலை எடுக்க வேண்டாம். ஒரு பெரிய ட்ரேயில் ஒரே அடுக்காகப் பரப்பி, 300 ஃபாரன்ஹீட் (150 செல்சியஸ்) சூட்டில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். பாதியில் ஒரு முறை கிளறிவிடுங்கள்.

எப்போது எடுப்பது? நிறத்தைப் பார்க்காதீர்கள், சிவக்கத் தேவையில்லை. ட்ரேயின் நடுவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து இரண்டு விரலால் அழுத்துங்கள். வெளிப்பக்கம் ரஸ்க் மாதிரி கரகரவென்று இருக்க வேண்டும், உள்ளே கொஞ்சம் அமுங்க வேண்டும். அழுத்தி விட்டதும் பஞ்சு மாதிரி எழும்பினால் இன்னும் ஐந்து நிமிடம். கல் மாதிரி ஆகிவிட்டால் அதிகம் காய்ந்துவிட்டது. பயப்பட வேண்டாம், ஊறும். கூடுதலாகக் கால் கப் பால் ஊற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் முழுக்க ஆற விடுங்கள். சூடான பிரெட்டில் முட்டைக் கலவையை ஊற்றினால் கலவை வெதுவெதுப்பாகி, ஃப்ரிட்ஜுக்குள் போயும் குளிர நேரமெடுக்கும். பச்சை முட்டை வெதுவெதுப்பில் நிற்பது நல்லதில்லை.

காயவைக்கும் வேலையை இரண்டு நாள் முன்னதாகவே முடித்து, ஆறியதும் மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்கலாம். விருந்தாளிகள் சாயங்காலம் வந்து இறங்குகிற வீட்டில் இது பெரிய உதவி.

4. கலவை: சர்க்கரையும் பட்டையும் முதலில்

பாலை ஊற்றி முட்டையை உடைத்துக் கடைசியில் பட்டைத்தூளைத் தூவினால் அது கரையாது. பட்டைத்தூள் திரவத்தில் மிதக்கும், திட்டுத் திட்டாகக் கூடும், ஊற்றும்போது முதல் கட்டியிலேயே அப்பிக்கொள்ளும். ஒரு துண்டு கசக்கும், மற்றதில் வாசனையே இருக்காது.

அதனால் சர்க்கரை, பட்டைத்தூள், உப்பு மூன்றையும் முதலில் உலர்வாகக் கலந்துவிடுங்கள். சர்க்கரைத் துகள் பட்டைத்தூளைப் பிரித்து வைக்கும். இதில் முட்டைகளை உடைத்து ஊற்றி உடனே அடியுங்கள். சர்க்கரையை மஞ்சள் கரு மேல் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். சர்க்கரை மஞ்சள் கருவின் ஈரத்தை இழுத்து, சின்னச் சின்னக் கட்டியாக இறுகிவிடும். அது பிறகு கரையாது.

வெள்ளைக் கரு நூல் நூலாகத் தெரியாத அளவுக்கு அடித்த பிறகு பால், கிரீம், வெனிலா. கடைசியில் ஜூஸ் வடிகட்டியில் வடிகட்டுங்கள். ஒரு நிமிட வேலை. வடிகட்டாவிட்டால் வெந்த பிறகு அங்கங்கே வெள்ளை வெள்ளையாக அவித்த முட்டை தெரியும். முட்டை வாசனை பிடிக்காத குழந்தைகள் முதலில் அதைத்தான் கண்டுபிடிப்பார்கள்.

கொழுப்பு எடுத்த பால் வேண்டாம். கலவை தண்ணீராக இருக்கும், வெந்தாலும் மெத்தென்று இறுகாது.

பட்டை வாசனை பிடிக்காதவர்கள் அரை டீஸ்பூன் ஏலத்தூள் சேர்க்கலாம். இரண்டையும் முழு அளவில் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

5. ஊற்றி, இரண்டு முறை அழுத்தி, மூடி வைப்பது

தட்டு முழுக்க, மூலைகள் உட்பட, வெண்ணெய் தடவுங்கள். ஆறிய பிரெட்டைப் பரப்பி, கலவையை நடுவில் மட்டும் கொட்டாமல் வரிசை வரிசையாகச் சுற்றி ஊற்றுங்கள். உள்ளங்கையால் மெதுவாக ஒரு முறை அழுத்துங்கள்.

இப்போது மேலே உள்ள கட்டிகள் காய்ந்தே இருக்கும், கலவை அடியில் நிற்கும். இருபது நிமிடம் கழித்து ஒரு கரண்டியால் அடியிலுள்ளவற்றை மேலேயும், மேலே உள்ளவற்றை அடியிலும் புரட்டிவிட்டு மறுபடி அழுத்துங்கள். இந்த இரண்டாவது அழுத்தலைத்தான் மறக்கிறார்கள். மறந்தால் காலையில் மேல் பக்கம் வரட்டி, அடிப்பக்கம் களி. இந்த இருபது நிமிடமும் தட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஃபாயிலால் விளிம்பு வரை இறுக்கி மூடுங்கள். வெங்காயமும் பூண்டும் ரசமும் இருக்கும் ஃப்ரிட்ஜில் பாலும் வெண்ணெயும் வாசனையை வாங்கிக்கொள்ளும். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் எல்லாம் அப்படித்தான்.

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சரியான ஊறல். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். எந்த பிரெட்டும் அதற்குமேல் கரையத் தொடங்கும். ஃப்ரிட்ஜ் 40 ஃபாரன்ஹீட்டுக்கு (4 செல்சியஸ்) மேல் போகக்கூடாது. விருந்து நாளில் ஃப்ரிட்ஜ் நிறைந்து வழியும்போது கதவோரம் சூடாகவே இருக்கும், அதனால் தட்டு உள்பக்கமாக இருக்கட்டும்.

6. மேலே தூவும் மாவு, தனி டப்பாவில்

இதை இரவே செய்யலாம், ஆனால் இரவே தூவக்கூடாது. ஊறும் பிரெட்டின் மேல் எட்டு மணி நேரம் கிடந்தால் மைதா ஈரத்தை இழுத்துப் பசையாகிவிடும், சர்க்கரை கரைந்து கீழே இறங்கிவிடும். காலையில் எவ்வளவு சுட்டாலும் மொறுமொறுப்பு வராது.

மைதா, பிரவுன் சுகர், பட்டைத்தூள், உப்பைக் கலந்து, குளிர்ந்த வெண்ணெயைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டு விரல் நுனியால் பிசிறுங்கள். பக்குவம் நமக்குத் தெரிந்ததுதான்: புட்டுக்குப் பிசிறிய மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அங்கங்கே பட்டாணி அளவுக்கு வெண்ணெய்க் கட்டி தெரிந்தால் நல்லது. உள்ளங்கையால் பிசைந்தால் கைச்சூட்டில் வெண்ணெய் உருகிச் சப்பாத்தி மாவு மாதிரி திரண்டுவிடும். திரண்டுவிட்டால் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள்.

டப்பாவில் போட்டு மூடி, தட்டுக்குப் பக்கத்திலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

7. காலை: ஓவனுக்குப் போகும் முன்

ஒன்பது மணிக்குச் சாப்பாடு என்றால் கணக்கு இப்படி வரும். 7:20க்குத் தட்டை வெளியே எடுங்கள். கையோடு ஓவனை 350 ஃபாரன்ஹீட்டில் (175 செல்சியஸ்) போடுங்கள். 7:50க்குத் தட்டு உள்ளே. 8:15க்கு ஃபாயிலை எடுத்து மாவு தூவுங்கள். 8:45க்கு வெந்ததா என்று பாருங்கள். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஆற வேண்டும். விசிறி உள்ள ஓவனில் சூட்டை 325 ஃபாரன்ஹீட்டாகக் குறையுங்கள்.

அந்த அரை மணி நேரம் வெளியே வைப்பதற்கு இரண்டு காரணம். குளிர்ந்த நடுப்பகுதி வேக அதிக நேரம் எடுக்கும், அதற்குள் ஓரம் காய்ந்துவிடும். இரண்டாவது, தட்டு கண்ணாடியாக இருந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து நேரே சூடான ஓவனுக்குப் போகும்போது விரிசல் விட்டு உடையலாம். அதே காரணத்துக்காக, ஓவன் முழுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடித் தட்டை உள்ளே வைக்க வேண்டும். சூடேறிக்கொண்டிருக்கும்போது கம்பி நேரடியாகச் சிவந்து எரியும், அந்த அனல் ஒரே பக்கமாகத் தாக்கும். வெளியே எடுத்த பிறகும் ஈரமான சமையல் மேடை மேல் வைக்காதீர்கள். மரப்பலகையோ தடித்த உலர்ந்த துணியோ வேண்டும்.

அரை மணி என்றால் அரை மணிதான். குளிக்கப் போய்விட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வரக்கூடாது. பச்சை முட்டை சேர்ந்தது.

உள்ளே வைக்கும் முன் ஃபாயிலைத் திறந்து தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். மூலையில் இரண்டு மூன்று ஸ்பூன் கலவை கூடினால் சரி. குளம் மாதிரி நின்றால் பிரெட் போதுமான அளவு காயவில்லை, அல்லது எடை குறைவாக இருந்திருக்கிறது. கூடுதலாக நிற்பதைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் சுட்டால் அடியில் தனியாக ஒரு முட்டை அடை உருவாகும்.

8. சுடுவது, நடுவைப் பார்ப்பது

ஓவனின் நடுத்தட்டில் வையுங்கள். முதல் 25 நிமிடம் ஃபாயில் மூடியே இருக்க வேண்டும். மூடியிருக்கும்போது ஆவி உள்ளேயே சுற்றி நடுவை வேகவைக்கும், மேலே கருகாது. பிறகு ஃபாயிலை எடுத்து, குளிர்ந்த மாவை ஒரே சீராகத் தூவி, திறந்தபடியே 25 முதல் 30 நிமிடம். திறந்த பிறகு உலர்ந்த அனல் பட்டு மேல் பகுதி மொறுமொறுப்பாகும். மாவை முதலிலேயே தூவி ஃபாயில் போட்டவர்களுக்கு மேலே வேகவைத்த மாவுதான் கிடைத்தது.

இப்போது நடு. நான் முதல் வருடம் செய்தபோது என்னிடம் பெரிய தட்டு இல்லை. அதே அளவை ஒரு ஆழமான சின்னத் தட்டில் நிரப்பினேன். 50 நிமிடத்தில் மேலே பொன்னிறம், வீடெல்லாம் பட்டை வாசனை. வெந்துவிட்டது என்று எடுத்து வெட்டினேன். ஓரத்துத் துண்டு அருமையாக வந்தது. நடுத் துண்டைத் தூக்கியதும் அந்தக் குழியில் பால் மெல்ல ஊறி நிறைந்தது. மறுபடி ஓவனில் வைத்தேன், ஆனால் வெட்டிய பிறகு வெப்பம் சீராகப் போவதில்லை. குழந்தைகள் அன்று சீரியல் சாப்பிட்டார்கள். ஆழம் இரட்டிப்பானால் நடுவுக்கு வெப்பம் போய்ச் சேரும் நேரம் இரட்டிப்பைவிட அதிகமாகும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதல் படியில் தட்டின் அளவை அழுத்திச் சொன்னது அதனால்தான்.

எனவே நிறத்தை நம்பாமல் மூன்று சோதனை செய்யுங்கள். தட்டை லேசாக அசைத்தால் நடுப்பகுதி இட்லி மாதிரி மொத்தமாக ஆட வேண்டும், அலை அடிக்கக்கூடாது. நடுவில் ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்தினால் பால் நிறத்தில் எதுவும் மேலே வரக்கூடாது. தெளிவாக, மஞ்சளாக வந்தால் அது வெண்ணெய், பரவாயில்லை. தெர்மாமீட்டரை நட்டநடுவில் பாதி ஆழத்துக்கு இறக்கினால் குறைந்தது 160 ஃபாரன்ஹீட் (71 செல்சியஸ்) காட்ட வேண்டும். முட்டை சேர்ந்த பதார்த்தங்களுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் எல்லை அது. நான் 165 முதல் 170க்குள் எடுப்பேன். அதற்குமேல் ரொம்பப் போனால் முட்டை இறுகித் தண்ணீர் விடத் தொடங்கும்.

மேலே சிவந்துவிட்டது, நடு இன்னும் வேகவில்லை என்றால் ஃபாயிலைத் தளர்வாக மேலே போட்டு இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். சூட்டை ஏற்றாதீர்கள். ஏற்றினால் ஓரம்தான் காயும்.

வெளியே எடுத்ததும் உப்பியிருந்தது கொஞ்சம் அமுங்கும். அது இயல்பு, எதுவும் கெட்டுவிடவில்லை. பத்து நிமிடமாவது ஆறட்டும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் சூட்டிலேயே கலவை முழுக்க இறுகும், சதுரமாக வெட்ட வரும்.

மேப்பிள் சிரப்பைப் பாட்டிலோடு சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் சூடான டோஸ்ட் அந்த நிமிடமே ஆறிவிடும். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வெறும் இனிப்பு போதாது. மிளகும் உப்பும் போட்டு வறுத்த உருளைக்கிழங்கு பக்கத்தில் இருந்தால்தான் காலைச் சாப்பாடு என்று ஒத்துக்கொள்வார்கள்.

9. முட்டை சாப்பிடாதவர்களுக்குத் தனித் தட்டு

நம் வீட்டு விசேஷம் எதிலும் முட்டை தொடாத இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்குப் பழத்தைக் கொடுத்து உட்காரவைப்பது எனக்கு மனசு ஒப்பாது. கஸ்டர்ட் பவுடர் வைத்து இதே முறையில் செய்யலாம்.

பிரெட்டிலிருந்தே கவனம் தேவை. ஹாலா, பிரியோஷ் இரண்டிலும் மாவிலேயே முட்டை உண்டு. எனவே லேபிளைப் படித்து முட்டை இல்லாத பிரெட் 225 கிராம் எடுத்து, முன்பு சொன்னது போலவே காயவையுங்கள். 8 அங்குலச் சதுரத் தட்டு போதும்.

கஸ்டர்ட் பவுடர் 2 டேபிள்ஸ்பூனைக் கால் கப் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாலை, மொத்தம் 500 மி.லி. வருகிற மாதிரி, 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரையுடன் காய்ச்சி, கரைத்ததை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குக் கெட்டியானதும் இறக்கிவிட வேண்டும்.

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. முட்டைக் கலவையைக் குளிர ஊற்றினோம், இதைச் சூடாகவே ஊற்ற வேண்டும். கஸ்டர்ட் ஆறினால் இறுகும், இறுகியது பிரெட்டுக்குள் இறங்காது. ஊற்றி, அழுத்தி, புரட்டி, ஆறிய பிறகு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேல் மாவு தூவி, அதே சூட்டில் திறந்தபடியே 35 நிமிடம். இது ஏற்கெனவே வெந்த கலவை, அதனால் ஓரத்தில் கொதி தெரிந்து மேலே சிவந்தால் போதும். பரிமாறும் கரண்டியும் தனியாக இருக்கட்டும்.

10. பழம் சேர்ப்பதானால்

ப்ளூபெர்ரி ஒரு கப், காலையில் ஓவனில் வைக்கும்போது மேலே தூவுங்கள். உறைந்த ப்ளூபெர்ரி என்றால் உருகவிடாமல் அப்படியே போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் நீலச் சாயமாகும். ஆப்பிளை மெல்லியதாக நறுக்கி, வெண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி ஈரத்தை வற்றவைத்துச் சேருங்கள். வாழைப்பழத்தை இரவே போட்டால் கறுத்துவிடும், தட்டில் பரிமாறும்போது வைப்பதே நல்லது.

11. ஊரில் சின்ன ஓவனில் செய்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கும் ஓடிஜியில் 9க்கு 13 தட்டு நுழையாது. எல்லா அளவையும் பாதியாக்கி 8 அங்குலச் சதுரத் தட்டில் செய்யுங்கள். ஆழம் கிட்டத்தட்ட அதேதான், எனவே நேரம் பாதியாகாது. ஐந்து பத்து நிமிடம்தான் குறையும். முட்டை சின்னதாக இருந்தால் நான்குக்குப் பதில் ஐந்து போடுங்கள். பேக்கரியில் துண்டு போடாத மில்க் பிரெட் கேட்டு வாங்குங்கள். ஹெவி கிரீமுக்குப் பதிலாக டப்பாவில் வரும் ஃப்ரெஷ் கிரீம் போதும். சின்ன ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருக்கும், அதனால் ஃபாயில் மூடும் நேரத்தை 30 நிமிடமாக நீட்டி, தட்டை ஒரு படி கீழே வையுங்கள். மாவு தூவிய பிறகு மேல் கம்பியை அணைத்து அணைத்துப் போட வேண்டியிருக்கலாம். முதல் தடவை பக்கத்திலேயே நில்லுங்கள்.

12. மிச்சம் இருந்தால்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் மேல் மாவு நமத்துப்போகும். துண்டுகளை ஒரு ட்ரேயில் இடைவெளி விட்டு வைத்து, 350 ஃபாரன்ஹீட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓவனில் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

உறையவைப்பதானால், முழுக்க ஆறிய துண்டுகளை முதலில் ட்ரேயில் தனித்தனியாக ஃப்ரீசரில் வைத்து, கெட்டியான பிறகு பையில் போடுங்கள். நேரே பையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகும். இரண்டு மாதம் வரை ருசி குறையாது. உருகவிடாமல் ஃபாயிலில் சுற்றி அதே 350இல் 20 நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் ஃபாயிலைத் திறந்துவிட்டு. பள்ளிக்கூடம் திறந்த முதல் திங்கட்கிழமை காலைக்கு என் மகள் இரண்டு துண்டை இப்படி எடுத்து வைக்கச் சொல்வாள்.